சொக்கட்டான் பலகையும் 32 கிலோபைட்டும்

ஒரு பலகை விளையாட்டைக் கணினி ஆட வேண்டுமானால், பலகை, காய், பகடை, விதி ஆகிய நான்கையும் அதற்கு எண்களாக மாற்றித் தர வேண்டும். நினைவகம் தாராளமாகக் கிடைக்கும் இன்றைய கணினியில் இந்த மாற்றத்தை எப்படி வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம், ஒவ்வொரு காய்க்கும் ஒரு கோப்பு என்று வைத்தாலும் இயந்திரம் தாங்கிக்கொள்ளும். 1980களின் வீட்டுக் கணினிகளில் அந்த வசதி இல்லாததால், விளையாட்டின் எந்தப் பகுதியைச் சேமித்து வைப்பது, எந்தப் பகுதியை வேண்டும்போது கணக்கிட்டு எடுத்துக்கொள்வது என்பதை நிரல் எழுதுபவர் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. அத்தகைய கணினி ஒன்றையும் விளையாட்டு ஒன்றையும் இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது. கணினி, 1984இல் தில்லியில் வகுக்கப்பட்ட திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்குச் சென்ற பிபிசி மைக்ரோ. விளையாட்டு, வடக்கே சௌபர், பச்சீசி என்றும் தமிழில் சொக்கட்டான் என்றும் வழங்கும் சிலுவை வடிவப் பலகை ஆட்டம்.

தில்லித் திட்டமும் கேம்பிரிட்ஜ் கணினியும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஏகார்ன் நிறுவனம், பிபிசி ஒலிபரப்பு நிறுவனத்தின் கணினி எழுத்தறிவுத் திட்டத்துக்காக வடிவமைத்த இந்த இயந்திரம் 1981 டிசம்பரில் வெளிவந்தது. அதன் 'மாடல் பி' வகையில், விநாடிக்கு 20 லட்சம் துடிப்புகளில் இயங்கும் 6502 என்ற 8 பிட் செயலியும், எழுதி அழிக்கக்கூடிய 32 கிலோபைட் நினைவகமும், இயக்க மென்பொருளையும் பேசிக் மொழியையும் நிரந்தரமாகத் தாங்கிய மேலும் 32 கிலோபைட் நினைவகமும் இருந்தன. மின்சாரம் கொடுத்தவுடன் திரையில் தோன்றுவது, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் பேசிக் மொழியின் அடையாளக் குறிதான். அதாவது, நிரல் எழுதுவதற்குத் தயாரான நிலையிலேயே அந்த இயந்திரம் விழித்தது. சோஃபி வில்சன் எழுதிய இந்தப் பேசிக், அக்காலத்துப் பிற வீட்டுக் கணினிகளின் பேசிக்கைவிட ஒழுங்கானது. நிரலின் ஒரு பகுதிக்குப் பெயரிட்டு, வேண்டிய இடத்தில் அந்தப் பெயராலேயே அழைக்கும் வசதி அதில் இருந்ததால், 'காயை நகர்த்து', 'சோழி போடு' என்று வேலைகளைத் தனித்தனியே பிரித்து எழுத முடிந்தது.

இந்திய அரசு 1984-85 கல்வியாண்டில் 'பள்ளிகளில் கணினி எழுத்தறிவும் கற்கையும்' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கிளாஸ்' எனப்பட்ட முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த கணினி இதுவே. முதலில் 250 பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டத்தின் கல்விப் பணிகளில், தில்லி ஸ்ரீ அரவிந்தர் சாலையில் அமைந்துள்ள தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் முதன்மைப் பங்கு வகித்தது. காலப்போக்கில் ஏறத்தாழ 12,000 பிபிசி மைக்ரோ கணினிகள் மாநில அரசுகளின் வழியாகப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. சண்டிகரை ஒட்டிய மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதே கணினியை இந்தியாவில் உருவாக்கியது. திட்டத்தோடு வந்த கல்வி மென்பொருள்களில் பல இங்கிலாந்துப் பள்ளிகளுக்காக எழுதப்பட்டவை. ஆனால் அந்த இயந்திரத்தின் உண்மையான பாடநூல் அதனுள்ளேயே இருந்த பேசிக் மொழி. உள்ளூர்க் குழந்தைக்கு ஏற்கெனவே விதி தெரிந்த ஓர் ஆட்டத்தை அம்மொழியில் எழுதும்போது, எந்தெந்தக் கணக்குகள் வெளிப்படுகின்றன என்பதை இனிக் காணலாம்.

துணிப் பலகையின் வடிவியல்

சொக்கட்டான் பலகையைத் துணியில் தைப்பதுதான் மரபு. ஆட்டம் முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். நடுவில் ஒரு சதுரமும், அதிலிருந்து நான்கு திசையிலும் நீளும் நான்கு கைகளும் அதன் வடிவம். ஒவ்வொரு கையிலும் எட்டெட்டுக் கட்டங்களாக மூன்று வரிசைகள் இருப்பதால், கைக்கு 24 கட்டங்களும் மொத்தம் 96 கட்டங்களும் அமைகின்றன. அக்பரின் அரசவையைப் பற்றிய விரிவான பதிவான ஐன்-இ-அக்பரியில் அபுல் ஃபசல் இந்த ஆட்டத்தை விளக்கியிருக்கிறார். தில்லிக்குத் தெற்கே ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் கல் தளத்திலேயே பதிக்கப்பட்ட பெரிய பச்சீசிப் பலகையை இன்றும் பார்க்கலாம். நீண்ட பகடைகளை உருட்டி ஆடினால் அது சௌபர்; சோழிகளைக் குலுக்கிப் போட்டு ஆடினால் அது பச்சீசி. பலகை இரண்டுக்கும் ஒன்றே. இந்த அத்தியாயம் ஆறு சோழிகளால் ஆடும் பச்சீசியின் விதிகளை எடுத்துக்கொள்கிறது.

நால்வர் ஆடும் இந்த ஆட்டத்தில் எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு நான்கு காய்கள். காய் நடுச் சதுரத்திலிருந்து புறப்பட்டு, தன் கையின் நடு வரிசை வழியே வெளிமுனை வரை இறங்கி, பலகையின் வெளிச்சுற்று முழுவதையும் இடஞ்சுழியாகச் சுற்றி, மீண்டும் தன் கையின் வெளிமுனைக்கு வந்து, அதே நடு வரிசையில் ஏறி நடுச் சதுரத்தை அடைய வேண்டும். தாயம் ஆடிய தமிழ் வாசகர்களுக்கு இதன் பிற விதிகள் புதியவை அல்ல. எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் சரியாகச் சென்று விழுந்தால் அதை வெட்டலாம். குறுக்குக் கோடு போட்ட 'மலை'யில் நிற்கும் காயை வெட்ட முடியாது. முழுப் பயணத்தையும் முடித்த காய் 'பழம்' ஆகிவிடும்.

வெளிச்சுற்றில் எத்தனை கட்டங்கள் உள்ளன என்பதே நிரல் எழுதுபவரின் முதல் கேள்வி. ஒரு கையின் இரு ஓர வரிசைகளில் 16 கட்டங்கள். நடு வரிசையின் கடைசிக் கட்டமும் சுற்றுப்பாதையில் உள்ளதால் மொத்தம் 17. நான்கு கைகளுக்கும் சேர்த்து 68. நடு வரிசையில் எஞ்சிய ஏழு கட்டங்கள் அந்தக் கைக்கு உரியவரின் தனிப்பாதை. அவை நான்கு கைகளுக்கும் சேர்த்து 28. 68ஐயும் 28ஐயும் கூட்டினால் 96 கட்டங்களும் கணக்கில் வந்துவிடுகின்றன.

ஒரு காய்க்கு ஓர் எண்

இந்த எண்ணிக்கை கையில் இருந்தால், காய் எந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற தகவலை இரண்டு மூன்று எண்களாகச் சேமிக்க வேண்டியதில்லை. புறப்பட்ட இடத்திலிருந்து அது எத்தனை அடி வந்திருக்கிறது என்ற ஒரே எண் போதும். புறப்படாத காயின் அடி 0. நடு வரிசையில் இறங்கும்போது அடி 1 முதல் 7 வரை. வெளிமுனைக் கட்டம் 8. அங்கிருந்து 68 கட்டங்களைச் சுற்றி மீண்டும் வெளிமுனைக்கு வரும்போது அடி 76. ஏறும் பாதையில் 77 முதல் 83 வரை. நடுச் சதுரத்தில் பழமாகும்போது 84. பதினாறு காய்களுக்கும் ஆளுக்கொரு பைட் வைத்தால், ஆட்டத்தின் முழு நிலையும் 16 பைட்டுகளில் அடங்குகிறது. அடுத்து ஆட வேண்டியவர் யார் என்பதற்கு இன்னும் ஒரு பைட் போதும். நெடுநேரம் நடக்கும் ஓர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி நாடாவில் பதிய வேண்டுமானால், பதிய வேண்டியது அந்த 17 பைட்டுகள் மட்டுமே.

ஆனால் வெட்டு என்பது இரண்டு வெவ்வேறு ஆட்டக்காரர்களின் காய்கள் ஒரே கட்டத்தில் சந்திப்பது. ஒருவருடைய 30ஆவது அடியும் இன்னொருவருடைய 30ஆவது அடியும் பலகையின் வெவ்வேறு இடங்கள் என்பதால், அடி எண்களை நேராக ஒப்பிட முடியாது. இதற்கு நால்வருக்கும் பொதுவான ஓர் எண் தேவை. ஆட்டக்காரர்களுக்கு இடஞ்சுழி வரிசையில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்டால், ஒவ்வொருவரின் தொடக்கமும் முந்தையவரின் தொடக்கத்திலிருந்து 17 கட்டங்கள் தள்ளியே இருக்கும். ஆகவே,

சுற்று எண் = (அடி − 8 + 17 × ஆட்டக்காரர் எண்) என்பதை 68ஆல் வகுத்த மீதி

என்ற ஒரு வரி எல்லாக் காய்களையும் பொதுவான அளவுகோலுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. முதல் ஆட்டக்காரரின் காய் 30ஆவது அடியில் இருந்தால் அதன் சுற்று எண் 22. இரண்டாம் ஆட்டக்காரரின் காய் 13ஆவது அடியில் இருந்தால் அதற்கும் 22. இரண்டும் ஒரே கட்டத்தில் இருப்பதால் பின்னால் வந்தது முன்னால் நின்றதை வெட்டும். வகுத்த மீதியைத் தரும் கட்டளை பேசிக்கிலேயே இருப்பதால், பலகையின் வளைவுகள் எல்லாம் ஒரு வகுத்தலில் மறைந்துவிடுகின்றன.

மலைகளுக்கும் இதே முறை பொருந்தும். வழக்கமான பலகையில் ஒவ்வொரு கையின் வெளிமுனைக் கட்டமும், இரு ஓர வரிசைகளில் விளிம்பிலிருந்து நான்காவது கட்டமும் மலைகளாகக் குறிக்கப்படுகின்றன; மொத்தம் 12 மலைகள். சுற்று எண்ணை 17ஆல் வகுத்தால் மீதி 0, 4, 13 ஆகிய மூன்றில் ஒன்றாக வந்தால் அது மலை. பன்னிரண்டு இடங்களின் பட்டியலுக்குப் பதிலாக மூன்று எண்கள் போதுமானவையாக இருக்கின்றன.

இந்த இடத்தில் கவனக்குறைவான நிரல் தவறிவிடக்கூடும். சுற்று எண் என்பது 8 முதல் 76 வரையுள்ள அடிகளுக்கு மட்டுமே பொருள் உடையது. தனிப்பாதையில் நிற்கும் காயை இந்தச் சூத்திரத்தில் இட்டால், அதே கையின் ஓர வரிசையில் நிற்கும் காயை அது வெட்டியதாகக் கணினி அறிவித்துவிடும். மேலும் 8ஆவது அடியும் 76ஆவது அடியும் ஒரே கட்டம். ஒன்று இப்போதுதான் புறப்பட்ட காய், மற்றது பழமாகப் போகும் காய். இறங்கும் காயும் ஏறும் காயும் ஒரே நடு வரிசையில் நிற்கும்போது எது எது என்ற குழப்பம் பலகையில் ஆடுபவர்களுக்கும் உண்டு. அதனால் சுற்றை முடித்துத் திரும்பிய காயைப் படுக்க வைத்து நகர்த்துவது அவர்களின் வழக்கம். நின்றால் ஒரு பொருள், படுத்தால் மற்றொரு பொருள் என்ற அந்த அடையாளத்தைக் கணினியியல் ஒரு பிட் என்று அழைக்கிறது. அடி எண்ணை வைத்திருக்கும் நிரலுக்கு அந்தப் பிட் தனியாகத் தேவையில்லை. 76ஐத் தாண்டிய அடியை 84இலிருந்து கழித்தால் நடு வரிசையில் அந்தக் காய் நிற்கும் கட்டம் கிடைத்துவிடும்.

சோழியின் கணக்கு

ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டு, வாய் மேலே பார்க்க விழுந்தவற்றை எண்ணுகிறார்கள். இரண்டு முதல் ஆறு வரை விழுந்தால் அந்த எண்ணே அடிகளின் எண்ணிக்கை. ஒன்று மட்டும் விழுந்தால் 10. ஒன்றுகூட விழாவிட்டால் 25. இந்த 25க்கு இந்தியில் உள்ள 'பச்சீஸ்' என்ற சொல்லே ஆட்டத்துக்குப் பெயராயிற்று. 6, 10, 25 விழுந்தவருக்கு, தாயத்தில் விருத்தம் விழுந்தால் கிடைப்பதுபோல, மறுபடி போடும் வாய்ப்பு உண்டு.

புதிதாக நிரல் எழுதுபவர் இந்த ஏழு விளைவுகளையும் ஒரு பட்டியலில் எழுதி, ஏழில் ஒன்றைக் கண்ணை மூடி எடுக்கும்படி கணினிக்குச் சொல்லக்கூடும். நிரல் பிழையின்றி ஓடும், ஆட்டம் கெட்டுவிடும். ஆறு சோழிகள் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 64. அவற்றில் வாய் மேலாக ஒன்றும் விழாத விதம் ஒன்றே ஒன்று, ஒன்று விழும் விதங்கள் 6, இரண்டு விழுபவை 15, மூன்று 20, நான்கு 15, ஐந்து 6, ஆறும் விழும் விதம் ஒன்று. ஆகவே 25 விழும் வாய்ப்பு 64இல் ஒன்று. பட்டியலிலிருந்து எடுக்கும் நிரலிலோ அது ஏழில் ஒன்று. சரியான கணக்கில் ஒரு வீச்சின் சராசரி 4.2 அடி, தவறான நிரலில் ஏறத்தாழ 7.9 அடி. ஒருவரின் நான்கு காய்களும் கடக்க வேண்டிய 336 அடிகளை, வெட்டு எதுவும் நேராமல், போட்ட எல்லாம் பயன்பட்டாலும் சரியான ஆட்டத்தில் சுமார் 80 வீச்சுகளில்தான் கடக்க முடியும். தவறான நிரல் அதைப் பாதியாக்கிவிடும். ஒரு சோழிக்கு ஒருமுறை என ஆறுமுறை எதேச்சை எண்ணை எடுத்து, வாய் மேலாக விழுந்தவற்றைக் கூட்டுவதே நேர்மையான வழி.

உண்மையான சோழியின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தட்டை; நாணயம்போல அது இரு பக்கமும் சம வாய்ப்புடன் விழ வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு குறிப்பிட்ட சோழி நூற்றில் 40 முறை மட்டுமே வாய் மேலாக விழுவதாக வைத்துக்கொண்டால், 25 விழும் வாய்ப்பு மூன்று மடங்காகவும், 10 விழும் வாய்ப்பு இரண்டு மடங்காகவும் உயர்ந்துவிடும். ஆறுமுறை தனித்தனியே சோழி போடும் நிரலில் இந்த வேறுபாட்டைக் கொண்டுவர ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

எதேச்சை எண் கணினிக்குள் எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே எழும் கேள்வி. பிபிசி மைக்ரோவின் பேசிக், 33 பிட் நீளமுள்ள ஒரு நகர்வுப் பதிவகத்தைப் பயன்படுத்துகிறது. ஒன்றும் சுழியும் கொண்ட நீண்ட வரிசை ஒன்றை ஒவ்வொரு முறையும் ஓரிடம் தள்ளி, தள்ளும்போது காலியாகும் இடத்தில் குறிப்பிட்ட இரண்டு பிட்டுகளை ஒப்பிட்டுக் கிடைக்கும் புதிய பிட்டை நிரப்புவதே அதன் வேலை. வரும் எண்கள் ஒழுங்கற்றவைபோலத் தோன்றினாலும், தொடக்க வரிசை ஒன்றாக இருந்தால் அடுத்து வருவன எல்லாம் ஒன்றாகவே வரும். காலையில் கணினியை இயக்கியவுடன் ஆடுபவருக்கு நேற்றைய வீச்சுகளே திரும்ப விழலாம். இதைத் தவிர்க்க, விநாடியின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணிக்கொண்டே போகும் உள் கடிகாரத்தின் அளவை எடுத்து, அதையே தொடக்க எண்ணாகத் தருவது வழக்கம். ஆடுபவர் எந்தக் கணத்தில் விசையைத் தட்டுவார் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாததால், எதேச்சையின் மூலம் கடைசியில் மனிதக் கையாகவே இருக்கிறது.

திரைக்கு எவ்வளவு இடம்

32 கிலோபைட் என்பது 32,768 பைட்டுகள். அதில் இயக்க மென்பொருள் தன் தேவைக்கு அடிப்பகுதியில் 3,584 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. வட்டு இயக்கி பொருத்தியிருந்தால் அது 6,400 ஆகிறது. மேற்பகுதியைத் திரை எடுத்துக்கொள்கிறது, ஏனெனில் திரையில் தெரியும் படமும் அதே நினைவகத்தில்தான் இருக்கிறது. பிபிசி மைக்ரோவில் எட்டு வகைத் திரை முறைகள் இருந்தன. நான்கு வண்ணங்களில் 320க்கு 256 புள்ளிகளாகப் படம் வரையும் முறை 1, திரைக்கு மட்டும் 20 கிலோபைட் கேட்கும். அதில் பலகையை அழகாக வரையலாம்; ஆனால் நிரலுக்கு 8,704 பைட்டுகளும், வட்டு இருந்தால் வெறும் 5,888 பைட்டுகளும்தான் எஞ்சும். அதோடு, பின்னணிக்கே ஒரு வண்ணம் போய்விடுவதால் நால்வரின் காய்களுக்கு மூன்று வண்ணங்களே மிஞ்சும்.

தொலைக்காட்சிச் செய்திப் பக்கங்களுக்காக உருவான எழுத்து முறையைப் பின்பற்றும் முறை 7, திரைக்கு ஒரு கிலோபைட் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வரிக்கு 40 எழுத்துகள் வீதம் 25 வரிகள் என்பதே அதன் அளவு. நிரலுக்கு 28,160 பைட்டுகள் கிடைக்கின்றன. அதில் ஓர் இடைஞ்சலும் உண்டு: ஓர் எழுத்துக்கு வண்ணம் தர வேண்டுமானால் அதற்கு முன் ஒரு வண்ணக் குறியை இட வேண்டும், அந்தக் குறி திரையில் ஓர் எழுத்தின் இடத்தை வெற்றிடமாகப் பிடித்துக்கொள்ளும். படம் வரைய முனைந்தவர்களைச் சலிப்படையச் செய்த இந்தக் குறை, சொக்கட்டான் பலகைக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்துகிறது. சிலுவையின் முழு நீளம் ஒரு கைக்கு எட்டு, நடுவுக்கு மூன்று, மறு கைக்கு எட்டு என 19 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு வண்ணக் குறியும் காயின் எழுத்துமாக இரண்டு இடங்கள் கொடுத்தால் அகலம் 38; வரியின் 40 இடங்களுக்குள் அது அடங்குகிறது. உயரத்துக்கு 19 வரிகள் போக, வீச்சையும் முறையையும் அறிவிக்க ஆறு வரிகள் மிஞ்சுகின்றன. திரையின் கடைசி வரியின் கடைசி இடத்தில் எழுதினால் திரை முழுவதும் ஒரு வரி மேலே நகர்ந்துவிடும் என்பதால் அந்த ஓரிடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். மரபில் கறுப்பாக உள்ள காயையும் வெள்ளை அல்லது நீலமாக மாற்ற வேண்டியிருக்கும், ஏனெனில் இந்த முறையின் எழுத்து வண்ணங்களில் கறுப்பு இல்லை.

ஒவ்வொரு கட்டமும் திரையில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையிலும் சிக்கனம் செய்யலாம். 96 கட்டங்களுக்கும் வரிசை எண்ணையும் நிரை எண்ணையும் பேசிக்கின் முழு எண் அணியில் வைத்தால், எண்ணுக்கு 4 பைட்டுகள் வீதம் 768 பைட்டுகள் ஆகும். பலகையின் நடுவைச் சுழியாகக் கொண்டு இடங்களைக் குறித்தால், ஒரு கால் பகுதியின் 24 கட்டங்கள் மட்டும் போதும். கிடை எண்ணையும் நெடுக்கை எண்ணையும் இடம் மாற்றி ஒன்றின் குறியைத் திருப்பினால் பலகை கால் சுற்றுச் சுழன்று அடுத்த பகுதி கிடைத்துவிடும். எண்ணுக்கு ஒரு பைட் வீதம் வைத்தால் அட்டவணை முழுவதும் 48 பைட்டுகளில் முடிகிறது. இவ்வளவு சிக்கனமாக எழுதப்பட்ட நிரல் 5 கிலோபைட் அளவில் இருந்தால், விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில் ஒலிநாடாவிலிருந்து அதை ஏற்ற ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும்.

எதிராளியாகக் கணினி

சதுரங்கத்தைக் கணினிக்கு எழுதுவது கடினமாவதற்கான காரணத்தை கிளாட் ஷானன் 1950இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலேயே விளக்கிவிட்டார். ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்வுகள் என்றால், இரு தரப்பும் ஒருமுறை ஆடி முடிப்பதற்குள் 900 நிலைகளும், இரண்டு முறை ஆடினால் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலைகளும் பிறக்கின்றன. அப்படியிருந்தும், ஒரு கிலோபைட் நினைவகமே கொண்ட இசட்.எக்ஸ்.81 என்ற பிரிட்டிஷ் கணினிக்கு டேவிட் ஹோர்ன் 672 பைட்டுகளில் சதுரங்க நிரல் எழுதினார். கோட்டை கட்டுதல்போன்ற சில விதிகளை விட்டுவிட வேண்டியிருந்தது என்றாலும், அது எதிர்த்து ஆடியது.

சொக்கட்டானில் நிலைமை வேறு. அடுத்த வீச்சு என்ன என்று யாருக்கும் தெரியாததால் நெடுந்தூரம் முன்னோக்கிப் பார்ப்பதில் பயன் குறைவு. கையில் உள்ள வீச்சை நான்கு காய்களில் எதற்குப் பயன்படுத்துவது என்பதே முடிவு செய்ய வேண்டியது. ஒவ்வொரு காயையும் நகர்த்தினால் என்ன ஆகும் என்று பார்த்து மதிப்பெண் கொடுத்து, அதிகம் பெற்ற காயை நகர்த்தும்படி நிரலை அமைக்கலாம். வெட்டு கிடைத்தால் உயர்ந்த மதிப்பெண், மலையில் போய் நின்றால் அடுத்தது, பழமானால் அதற்கும் ஒன்று. கழிக்க வேண்டிய மதிப்பெண் ஆபத்துக்கு உரியது; ஆபத்தை அளக்க, சோழிக்காகப் போட்ட கணக்கே திரும்பவும் பயன்படுகிறது. பின்னால் மூன்று கட்டம் தள்ளி எதிரியின் காய் இருந்தால், அடுத்த வீச்சில் அது வந்து வெட்டும் வாய்ப்பு 64இல் 20. இரண்டு அல்லது நான்கு கட்டம் தள்ளி இருந்தால் 15. ஐந்து அல்லது பத்து என்றால் 6. ஆறு அல்லது இருபத்தைந்து என்றால் 1. ஒட்டியே பின்னால் நிற்கும் காய் ஆபத்தற்றது, ஏனெனில் ஒன்று என்ற வீச்சு இந்த ஆட்டத்தில் இல்லை. புதிதாக ஆடுபவர் பக்கத்தில் நிற்கும் எதிரியைக் கண்டு விலகி ஓடி, மூன்று கட்டத் தூரத்தில் போய் நின்று வெட்டுப்படுவது உண்டு. கணினிக்கு அந்தப் பயம் இல்லை.

எதிரிகள் இருவரின் எட்டுக் காய்களை நான்கு நகர்வுகளோடு ஒப்பிட்டால் மொத்தம் 32 ஒப்பீடுகள். எதிரியின் காய் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் 76ஆவது அடியைத் தாண்டித் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுமானால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையும் வேண்டும். நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓடும்போதே படித்துப் பொருள் கொள்ளும் பேசிக் வேகம் குறைந்ததே என்றாலும், இந்த அளவு வேலைக்கு ஆடுபவரைக் காக்க வைக்கும் நிலை வராது.

பலகைக்குள் இருந்த எண்

நிரலுக்காகக் கண்டெடுத்த எண்களைத் திரும்பிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. நடுச் சதுரத்திலிருந்து சொந்த வெளிமுனை மலைக்கு 8 அடி. ஒரு கையின் வெளிமுனையிலிருந்து அடுத்த கையின் வெளிமுனைக்கு 17 அடி. இரண்டையும் கூட்டினால் 25. அதாவது, ஆட்டத்துக்குப் பெயர் தந்த மிகப் பெரிய வீச்சு, புறப்படும் காயை நேராக அடுத்த கையின் மலையில் கொண்டு சேர்க்கிறது. அங்கே அதை யாரும் வெட்ட முடியாது. அரிதாக விழும் வீச்சுக்கு முழுப் பாதுகாப்பையும் பரிசாகத் தரும் வகையில் பலகையின் நீளமும் சோழியின் மதிப்பும் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் 1896இல் காப்புரிமை பெற்று, பின் இந்தியாவுக்கே திரும்பி வந்த லூடோவில் கைகள் குறுகி, சுற்று 52 கட்டங்களாகி, சோழிக்குப் பதில் ஒரு பகடை வந்தது. நிரலில் 17ஐ 13 ஆகவும் 68ஐ 52 ஆகவும் மாற்றித் தொடக்க இடத்தையும் திருத்தினால் லூடோவும் ஓடும். ஆனால் 8ம் 17ம் சேர்ந்து 25 ஆகும் அந்தப் பொருத்தம் அதில் இல்லை.

பெரிய நினைவகம் உள்ள கணினியில் 96 கட்டங்களையும் 96 இடங்களாக எழுதிவிட்டுப் போகிறவருக்கு இந்தப் பொருத்தம் கண்ணில் படாமலே போயிருக்கும். இடம் போதாத இயந்திரம்தான் 96ஐ 24 ஆகவும், பன்னிரண்டு மலைகளை மூன்று மீதிகளாகவும் சுருக்கச் சொல்லி, பலகையைத் தைத்தவர்கள் அதில் வைத்திருந்த கணக்கை வெளியே எடுத்துக் காட்டுகிறது. பள்ளிக்கு வந்த கணினியில் குழந்தைகள் கற்றிருக்க வேண்டிய எழுத்தறிவு இதுதான் என்று சொல்வது மிகையாகாது. தாயக்கட்டம் வரையத் தெரிந்த வாசகர், ஒரு தாளில் அதன் கட்டங்களுக்குப் புறப்படும் இடத்திலிருந்து வரிசையாக எண்ணிட்டு, ஒருவரின் தொடக்கத்துக்கும் அடுத்தவரின் தொடக்கத்துக்கும் இடையே உள்ள தூரத்தால் அந்த எண்களை வகுத்து, மலைகள் எந்த மீதியில் விழுகின்றன என்று பார்க்கலாம். அந்தக் கணக்குக்குக் கணினி வேண்டியதில்லை.